பருப்புக்கு ஒரு தண்ணீர், களிக்கு ஒரு தண்ணீர்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி தருமபுரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். சமூகப்பணி முதுகலை, இரண்டாம் ஆண்டு. கடைசி செமஸ்டரில் செய்ய வேண்டிய ப்ராஜெக்டுக்கு ஆய்வு முன்மொழிவு, அதாவது எதை, எப்படி ஆய்வு செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும் தாள், எழுதியிருந்தாள். மொத்தம் நான்கே பக்கம். அதற்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டிருந்தாள். நாலு பக்கத்துக்கு எதுக்கம்மா பைண்டிங் என்று கேட்டேன். "அப்படிக் கொடுத்தாத்தான் நல்லா இருக்கும்னு சீனியர் அக்கா சொன்னாங்க மேடம்" என்றாள்.

தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கேன் தண்ணீர் வாங்குகிறவர்களின் மனநிறைவு பற்றி 'எ ஸ்டடி ஆன்' என்று தொடங்கி, 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு தருமபுரி டிஸ்ட்ரிக்ட்' என்று முடிந்தது. இந்தப் பக்கம் எம்.காம்., எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படித்த எல்லோருக்கும் இந்த இரண்டு வரி மனப்பாடம். நடுவில் உள்ள சொல் மட்டும் மாறும்: கேன் தண்ணீர், மாம்பழக்கூழ், மகளிர் குழு, ஆன்லைன் ஷாப்பிங்.

"உங்க வீட்டுல கேன் தண்ணி வாங்குறீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"ஊர்ல?"

"மளிகைக் கடைக்காரர் வீட்டுல மட்டும் வாங்குவாங்க."

"அப்புறம் எப்படி இந்தத் தலைப்பு?"

"டாபிக் கொடுத்தாங்க மேடம்."

காபி கொடுத்தேன். பேச்சுவாக்கில் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள், சிரிக்கும்போதே கை வாயை மறைத்துக்கொண்டது. இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கை ஏன் போகிறது என்று தெரியும். முன்பற்களில் காவிப் பட்டை. பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடும் சொல்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் அந்த அளவைத் தாண்டியது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' (ஃப்ளோரைடால் வரும் பாதிப்பைக் குறைப்பது) என்ற சொல்லையும் பெயரில் சேர்த்து வைத்தார்கள். ஜப்பான் நிதியுதவியோடு வந்த அந்தத் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

கையை எடுத்துவிட்டு அவளாகவே சொன்னாள். "என் தம்பிக்கு இப்போ பதினொரு வயசு மேடம். அவனுக்குப் பல்லு வெள்ளையா இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுல அவன் வயசுப் பையனுக்கு என்னை மாதிரியே இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்தான். ஏன்னு நான் அடிக்கடி நினைப்பேன்."

இந்தக் கேள்வி நாலு பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "இது சும்மா வீட்டு விஷயம் மேடம்" என்றாள்.

கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கும் இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். முதுகலை மாணவர்களுக்கு முன்மொழிவு எழுத வரவில்லை என்று கல்லூரிகளில் எல்லோரும் குறைப்படுகிறோம். ஆங்கிலம் போதாது, படிப்பதில்லை, காப்பி அடிக்கிறார்கள் என்கிறோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் எனக்குத் தெரிந்து முதல் தடங்கல் அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினேழு வருடம் நாம் அந்தப் பிள்ளைகளிடம் 'உனக்கு என்ன தெரியும்' என்று மட்டுமே கேட்டிருக்கிறோம். முன்மொழிவு முதல் தடவையாக 'உனக்கு என்ன தெரியவில்லை' என்று கேட்கிறது. தெரியாததைச் சொன்னால் மார்க் போய்விடும் என்று பழகிய பிள்ளை அங்கே தடுமாறி நிற்கிறது. கைக்குக் கிடைத்த பழைய தலைப்பைப் பிடித்துக்கொள்கிறது.

நானும் அப்படிப் பிடித்துக்கொண்டவள்தான். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது சரியாக இருக்காது.

பிஎச்.டி.க்குச் சேர்ந்தபோது என் நெறியாளர் ஒரு பழைய சினாப்சிஸை, அதாவது பிஎச்.டி. ஆய்வுக்கான முன்மொழிவைக் கொடுத்து, "இதைப் பார்த்து இதே மாதிரி எழுதிட்டு வாம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சேலம் மாவட்ட மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றிய சினாப்சிஸ் அது. நான் சேலம் என்று வந்த இடத்திலெல்லாம் கிருஷ்ணகிரி என்று மாற்றினேன். ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்கதேசத்துக் கிராமீன் வங்கியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டேன். நோக்கங்கள் ஐந்து, கருதுகோள்கள் ஆறு, மாதிரி அளவு 300. ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

சினாப்சிஸைப் பரிசீலிக்கிற டாக்டோரல் கமிட்டியில் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "கிருஷ்ணகிரியில் செவ்வாய்ப்பேட்டை எங்கேம்மா இருக்கு?" செவ்வாய்ப்பேட்டை இருப்பது சேலத்தில். ஓர் இடத்தில் மாற்றாமல் விட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் அதோடு விடவில்லை. இரண்டாவது கேள்விதான் என்னை இன்றுவரை தொடர்கிறது. "சரி போகட்டும். தமிழ்நாட்டில் இந்த மகளிர் குழுக்கள் முதன்முதலில் எந்த மாவட்டத்தில் தொடங்கின?" எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பத்தாவதுகூட முடிக்காதவர். "நம்ம தருமபுரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே நான் குழுவுல இருந்தேனே" என்றார். 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது. அம்மாவின் தகரப் பெட்டியில் அந்தக் காலத்துப் பாஸ்புத்தகம் இருந்தது. மாதச் சந்தா, உள்கடன், வட்டி எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. குழுவில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தாராம். அவருக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போனதும் ஏழு மாதம் கணக்கே எழுதவில்லையாம். ஆனாலும் ஒரு ரூபாய் வித்தியாசம் வரவில்லையாம். எப்படி? நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என் வீட்டு அலமாரி மேலேயே இருந்திருக்கிறது. நான் அதைத் தாண்டிப் போய் சேலத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கடன் வாங்கி எழுதினேன்.

புதிதாக எழுத எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முன்பு இதைக் கற்றுக்கொள்ள ஒரு நடுப்படி இருந்தது. எம்.ஃபில். அதில் எத்தனையோ குறைகள் இருந்தன, ஆனாலும் ஒரு சின்ன ஆய்வைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தானே செய்து பார்க்க ஓர் இடமாக இருந்தது. அங்கே தப்பு செய்து திருத்திக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிமுறைகளோடு அந்தப் படி போய்விட்டது. இப்போது எம்.ஏ. முடித்தவர் நேராகப் பிஎச்.டி. நேர்காணலில் போய் உட்கார்கிறார், என்ன ஆய்வு செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள். ஆய்வு முறையியலைச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம், குறைந்தது 12 கிரெடிட், சேர்ந்த பிறகுதான் வரும். நீச்சல் வகுப்பு கிணற்றில் குதித்த பிறகுதான் என்றால் எப்படி? அதனால் இன்று முதுகலைக் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ஒன்றுதான் பிள்ளைகளுக்கு ஒத்திகை. அந்த ஒத்திகையையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிடிபி கடையில் காசு கொடுத்து முடிக்கிற நிலைமை இருக்கிறது. அதற்குப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பேர், பார்க்கிற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் யார் யார் வீட்டுக் கேள்வியை யார் உட்கார்ந்து கேட்பது?

ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான், எம்.காம். தக்காளி சந்தைப்படுத்தலில் விவசாயிகளின் பிரச்சினைகள் என்று தலைப்பு. முதல் பத்தியில் தக்காளியின் தாவரவியல் பெயர். இரண்டாம் பத்தியில் தக்காளியில் உள்ள சத்துகள். மூன்றாம் பத்தியில் 'தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பின்தங்கியவை'. எழுதியது அத்தனையும் வேறு எங்கிருந்தோ வந்தது.

அப்பா என்ன செய்கிறார் என்றேன். தக்காளிதான் போடுகிறாராம், ஒண்ணேகால் ஏக்கர். அப்புறம் பேச ஆரம்பித்தான் பாருங்கள். முதல் நாள் சாயங்காலமே மண்டியிலிருந்து ஃபோன் வரும். விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் அப்பா மறுநாள் ஆள் விடமாட்டார். பறிக்கும் கூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் நான்கையும் கூட்டிப் பார்ப்பார், வாயாலேயே. கட்டவில்லை என்றால் மாட்டை விட்டு மேய்த்துவிடுவார். ஆனால் ஒரு தடவை கட்டாது என்று தெரிந்தே பறித்து அனுப்பினார். "ஏன்டா அனுப்பினார்?" "அந்த மண்டிக்காரர்கிட்டதான் மேடம் விதைக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். சரக்கு நிறுத்தினா அடுத்த தடவை கொடுக்க யோசிப்பார்."

விலை கட்டாதபோதும் விவசாயி ஏன் பறிக்கிறார்? முன்பணக் கடன் அந்த முடிவை எவ்வளவு மாற்றுகிறது? இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியை நான் எங்கே போய்த் தேட? "இதையே எழுதேன்" என்றேன். அவனும் அதையேதான் சொன்னான். "அதெல்லாம் எங்க வீட்டு விஷயம் மேடம். ஆய்வுன்னா பொதுவா இருக்கணும்ல."

அந்த 'பின்தங்கிய மாவட்டம்' பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். உண்மைதான். ஆனால் எல்லா முன்மொழிவும் அந்த வரியோடு தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. அதை எழுதும் பிள்ளை இந்த மண்ணில் பிறந்து, முதல் தலைமுறையாக முதுகலை வரை வந்திருக்கும் பிள்ளை. தன் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் கையில் வரும் முதல் சொல் 'பின்தங்கிய' என்றால், அந்த ஊரில் கேட்கத் தகுந்த கேள்வி இருக்கும் என்று எப்படி நம்புவாள்? நிலத்தை அளந்து, பயிர் செய்கிறவரோடு நேராகத் தீர்வை (நிலவரி) பேசும் ரயத்துவாரி முறையை 1792-க்குப் பிறகு ஆங்கிலேயர் முதலில் செய்து பார்த்தது இந்தப் பாராமகாலில்தான், நம் பகுதிக்கு அன்றைய பெயர் அது. பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் போன ஒரு பெரிய கேள்வி இந்தக் கரட்டு மண்ணில்தான் எழுந்தது.

மாவட்டம் என்றதும் இன்னொரு குழியும் ஞாபகத்துக்கு வருகிறது. நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி, 2001-ல் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 28 லட்சத்துக்கு மேல், 2011-ல் 15 லட்சம் என்று எடுத்து வைத்து, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் மாவட்டமே பாதியாகிவிட்டது என்று முன்மொழிவு எழுதிவிட்டாள். எண்கள் இரண்டும் சரி. நடுவில் 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. மா பரப்பு, பட்டுக்கூடு, தக்காளி எதை எடுத்தாலும் இந்தக் குழி இருக்கிறது. 1965-க்கு முன்னால் போனால் தருமபுரியே சேலத்துக்குள்தான். மாவட்ட அளவில் பழைய புள்ளிவிவரம் வேண்டுமானால் தாலுகா தாலுகாவாக எடுத்துக் கூட்ட வேண்டும். இதை யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் அவளுக்கு இரண்டு மாதம் மிச்சம்.

முன்னாய்வுகளைப் படிக்கும் பகுதி எல்லோரையும் களைப்படையச் செய்கிறது. இன்னார், இந்த ஆண்டில், இதைச் சொன்னார் என்று முப்பது பத்தி எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'தருமபுரி மாவட்டத்தில் இதுவரை இந்த ஆய்வு செய்யப்படவில்லை, எனவே இதுவே ஆய்வு இடைவெளி' என்று ஒரு வரி. அது இடைவெளி ஆகாது. காரிமங்கலத்திலும்தான் செய்யப்படவில்லை, மொரப்பூரிலும்தான் செய்யப்படவில்லை. இந்த இடத்தில் செய்தால் விடை மாறக்கூடும் என்று நினைக்க என்ன காரணம் இருக்கிறது என்று சொன்னால்தான் இடம் ஆய்வுக்குள் வரும். தண்ணீர் என்றால், இங்கே பாறை வேறு, ஃப்ளோரைடு வேறு, இரண்டு வகைத் தண்ணீர் ஒரே வீட்டுக்குள் வருகிறது. அது காரணம்.

படிக்க எதுவும் கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. பணம் கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்கள் நம் பிள்ளைகளுக்கு எட்டாதுதான். ஆனால் சோத்கங்கா தளத்தில் நாட்டின் ஆய்வேடுகள் முழுதாக இலவசமாகக் கிடக்கின்றன. ஏற்றுக்கொள்ளப்பட்ட சினாப்சிஸ்களுக்கென்றே சோத்கங்கோத்ரி என்று தனித்தளம் இருக்கிறது. முன்மொழிவு எப்படி இருக்கும் என்று ஒன்றைக்கூடப் பார்க்காமல் எழுதச் சொல்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுகிற வேலை, அதனால் நான் முதலில் அங்கேதான் அனுப்புகிறேன். ஐந்து சினாப்சிஸ் படித்துவிட்டு, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று வந்து சொல் என்பேன். செல்ஃபோன் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள், பாவம். அப்படியே வெட்டி ஒட்டினால் மென்பொருள் பிடித்துவிடும். 2018-ல் வந்த விதியின்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை என்பதால், இப்போது சொல்லுக்குச் சொல் மாற்றுவதே ஒரு கலையாகிவிட்டது. அண்மையில் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த முன்னாய்வுப் பகுதியோடு ஒரு பையன் வந்தான். அதில் இருந்த பதினாலு கட்டுரைகளில் ஒன்பது உலகத்திலேயே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் ஏமாற்ற நினைக்கவில்லை, நம்பியிருந்தான்.

மொழியைப் பற்றி நிறைய எழுதலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார்கள், முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், ஊராரிடம் கேட்கிற கேள்வித்தாளோடு மறுபடி வீட்டு மொழிக்கே திரும்புகிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உன் நோக்கத்தை உங்க பாட்டிக்குச் சொல்லிக் காட்டு, பாட்டிக்குப் புரிந்தால் ஆங்கிலத்தில் எழுது. பலமுறை சொல்லிக் காட்ட முடியாமல் நிற்பார்கள். அங்கே குறை ஆங்கிலத்தில் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஐந்து கட்டம் போட்டு 'மிகவும் மனநிறைவு, மனநிறைவு, நடுநிலை' என்று டிக் அடிக்கச் சொல்வோமே, 1932-ல் ரென்சிஸ் லைக்கர்ட் கொண்டுவந்த அளவுகோல். அதை எடுத்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் போங்கள். தண்ணீர் எப்படிங்க இருக்கு என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார்கள். பரவாயில்லையை எந்தக் கட்டத்தில் போடுவது? நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவாயில்லை. மோசம்தான், பொறுத்துக்கொள்கிறோம் என்பதற்கும் பரவாயில்லை. படித்த பிள்ளையிடம் குறை சொல்ல வேண்டாம் என்பதற்கும் பரவாயில்லை. குரலைக் கேட்டால் தெரியும், டிக் அடித்தால் தெரியாது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் கேள்வியே உருவாகும் முன் கேள்வித்தாளைத் தயார் செய்துவிடுகிறார்கள். முப்பது வினா, ஐந்து கட்டம், ஜெராக்ஸ் நூற்றிருபது.

ஏன் நூற்றிருபது? யாருக்கும் தெரியாது. சீனியர் போட்டது நூற்றிருபது. கொஞ்சம் கவனமான பிள்ளைகள் எத்தனை வீட்டைக் கேட்டால் போதும் என்று கணக்கிடும் யமானே சூத்திரத்தைப் போடுவார்கள். ஊரில் 400 வீடு, ஐந்து சதவீதப் பிழை என்றால் 200 வீடு என்று அழகாக விடை வரும். அந்த இருநூறும் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் அந்தச் சூத்திரத்துக்கு அர்த்தம் என்பதை அடுத்த வரியிலேயே மறந்து, 'வசதி மாதிரி முறை' என்று எழுதுவார்கள். வசதி என்றால் ரோட்டோரம் இருக்கிற வீடு. ரோட்டோர வீட்டுக்குத்தான் குழாயும் முதலில் வந்திருக்கும்.

இனி அந்தப் பென்னாகரத்துப் பெண்ணிடம் வருகிறேன்.

பல்லைப் பற்றியே ஆய்வு செய்கிறேன் என்று அடுத்த வாரம் உற்சாகமாக வந்தாள். அவளுடைய கேள்வியில் நல்ல பிடி இருந்தது. பல் உருவாகிற சின்ன வயதில் குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் கறையை உண்டாக்குகிறது, முளைத்த பிறகு குடிப்பதால் புதிதாகக் கறை வராது. அப்படியானால் 2013-க்கு முன் பிறந்த பிள்ளைகளையும் பின் பிறந்த பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை பல்லிலேயே எழுதியிருக்கும். ஆனால் பல்லைப் பார்த்துக் கறையின் அளவைத் தரம் பிரிக்க பயிற்சி பெற்ற பல் மருத்துவர் வேண்டும். பள்ளியில் அனுமதி வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அவள் கையில் இருப்பது நாலு மாதம். அலுவலகத்திலிருந்து ஒரு புள்ளிவிவரம் வேண்டும் என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டாலே பதில் வர முப்பது நாள். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. நல்ல கேள்வியைக் கண்டுபிடித்த பிறகு அதை வெட்டிச் சின்னதாக்கும் இந்த இடம்தான் எல்லோருக்கும் ரொம்பக் கஷ்டம். எனக்கும் கஷ்டமாக இருந்தது.

"சரி, பல்லை விடு. உன் தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரே குழாய்னு சொன்னே. ரெண்டு வீட்டுலயும் அந்தத் தண்ணியை எதுக்கெதுக்கு எடுக்குறாங்க, போய்ப் பார்த்துட்டு வா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டோடு வந்தாள். டைப் செய்த தாள் இல்லை, பைண்டிங் இல்லை. பென்சிலில் எழுதியிருந்தது. அவளுடைய ஆயா அடுப்படியில் மூன்று குடம் வைத்திருக்கிறார். ஒன்று ஒகேனக்கல் தண்ணீர், பித்தளைக் குடம். மற்ற இரண்டும் பிளாஸ்டிக், போர் தண்ணீர். குடிக்க ஒகேனக்கல். துவரம்பருப்பு வேகவைக்க ஒகேனக்கல், ஏனென்றால் போர் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. களிக்குப் போர் தண்ணீர். ஏன் என்றால், "களி எந்தத் தண்ணியிலயும் வெந்துரும், அதுக்கு எதுக்கு நல்ல தண்ணி?" என்றாராம் ஆயா. பக்கத்து வீட்டில் மாடு நாலு, ஆள் ஏழு. நல்ல தண்ணீர் குடிக்க மட்டும், மற்ற எல்லாம் போர். இவள் வீட்டில் அம்மா களிக்கும் குழாய்த் தண்ணீரே எடுப்பார், அதற்காக ஆயாவோடு தினமும் சண்டை.

நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். சோறு வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் தண்ணீர் வெளியே போகும். களிக்கு ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் களிக்குள்ளேயே நிற்கிறது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. ராகிக் களி தின்கிற ஊரில், குடிநீர் மாறியும் களித்தண்ணீர் மாறவில்லை என்றால் திட்டம் பாதி வழியில்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஒரு சமூகப்பணி மாணவி நாலு மாதத்தில், பஸ்ஸில் போய்வந்து, நோட்டும் பென்சிலுமாகச் செய்யக்கூடிய ஆய்வு இது. இரண்டு வகைத் தண்ணீர் வரும் ஒரு சிற்றூரில், எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒரே ஊர். குலுக்கிப் போட்டு எடுத்த அறுபது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் நின்று குடங்களைப் பார்ப்பது. நோக்கம் இரண்டு மட்டும்.

நோக்கம் ஐந்து இருக்க வேண்டாமா என்று பயந்துகொண்டே கேட்டாள். தலைப்பில் 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ்' இல்லையே என்றாள். போய்க் கொடுத்துப் பார் என்றேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

அவளுடைய நெறியாளர் அதை அங்கேயே நின்றபடி முழுக்கப் படித்தாராம். அதுவரை அவர் அவளிடம் பெரிதாகப் பேசியதில்லை. படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "குழாயில் வர்றது ஒகேனக்கல் தண்ணிதான்னு உனக்கு எப்படித் தெரியும்? மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியும் கலந்து விட்டா?"

அன்று சாயங்காலம் ஃபோன் செய்தாள். குரல் படபடவென்று இருந்தது. முன்மொழிவு திரும்பி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். "மேடம், அதை நான் யோசிக்கவே இல்லை மேடம். எங்க ஆயாவுக்கும் தெரியலை. யாருக்குமே தெரியலை" என்றாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் காலை தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற அண்ணனைப் போய்ப் பார்த்திருக்கிறாள். என்றைக்கு எதை ஏற்றுகிறேன் என்று அவர் எழுதி வைப்பதில்லை. இவள் வீட்டிலிருந்து ஒரு தினசரி நாட்காட்டியைக் கொண்டுபோய் மோட்டார் ரூமில் மாட்டி, ஒகேனக்கல் தண்ணீர் என்றால் ஒரு டிக், போர் என்றால் ஒரு வட்டம் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "இவ்வளவுதானாம்மா" என்று ஒத்துக்கொண்டாராம். ஒவ்வொரு நாள் தாளையும் கிழிக்காமல் மடித்து வைக்கிறார்.

முதல் பத்து நாள் தாள்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சிலவற்றில் டிக், சிலவற்றில் வட்டம். மூன்று தாள்களில் டிக்கைச் சுற்றியே வட்டம் போட்டிருந்தார், இரண்டும் ஏறிய நாள்கள். படங்களுக்குக் கீழே ஒரு வரி: "மேடம், இந்த மூணு நாளை எந்தக் கணக்குல எடுக்குறது?"

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். ராயக்கோட்டைப் பையனையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன், அப்பாவின் மண்டிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு.